பூட்டிய பட்டறைகள் – 6: கார்ன்வாலின் கணக்குத் தாள்

சென்ற வாரம் ஜேம்ஸ் வாட்டை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். நீராவி எஞ்சினுக்காக 1769-ல் வாங்கிய காப்புரிமையில் ஆறு ஆண்டுகள் வீணாகக் கழிந்திருந்தன. முதல் கூட்டாளி ரோபக் திவாலாகிவிட்டார். அவருடைய பங்கை எடுத்துக்கொண்ட பர்மிங்ஹாம் தொழிலதிபர் மாத்யூ போல்டன், கைவசம் இருக்கும் சொற்ப ஆண்டுகளை நம்பி முதல் போட முடியாது என்றார். ஆகவே 1775-ல் நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றம் போனார்கள். ஒரு தனிமனிதருக்கு இத்தனை நீண்ட தனியுரிமை ஆகாது என்று எதிர்த்தவர்களில் எட்மண்ட் பர்க்கும் ஒருவர்.

எதிர்ப்பு எடுபடவில்லை. சட்டம் நிறைவேறியது. 1800-ஆம் ஆண்டு வரை, இன்னும் முழுசாக 25 ஆண்டுகள், வாட்டின் எஞ்சினை வாட்டின் அனுமதி இல்லாமல் யாரும் கட்டக் கூடாது.

அந்தச் சட்டத்தின் சூடு எங்கே தைத்தது என்று தெரிய, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்குப் போக வேண்டும்.

கார்ன்வால். மூன்று பக்கம் கடல். மண்ணுக்கு அடியில் செம்பும் தகரமும். சுரங்கம் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். இறைப்பது நின்றால் சுரங்கம் மூழ்கும். இறைக்க எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. ஒவ்வொரு மூட்டையும் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தாக வேண்டும். ஒரு சுரங்கம் பிழைப்பதும் மூடுவதும் பல நேரம் அந்த நிலக்கரிச் செலவைப் பொறுத்தே இருந்தது.

அதுவரை அங்கே ஓடியவை 1712-ல் நியூகோமன் அமைத்த முறையில் கட்டிய எஞ்சின்கள். அவற்றில் ஒரே சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி, நீராவியை மறுபடி தண்ணீராக்குவார்கள். அடுத்த வீச்சுக்கு அந்தச் சிலிண்டரை மறுபடி சூடாக்க வேண்டும். எரியும் நிலக்கரியில் பெரும்பங்கு இரும்பைச் சூடாக்கி ஆறவைப்பதற்கே போய்விடும். வாட் செய்தது, நீராவியைக் குளிர்விக்க கண்டென்சர் என்னும் தனிக்கலம் ஒன்றைச் சேர்த்தது. சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கும், கண்டென்சர் எப்போதும் குளிர்ந்திருக்கும். நிலக்கரிச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

1777-ல் வாட்டின் எஞ்சின்கள் கார்ன்வாலுக்கு வந்தபோது சுரங்கப் பங்குதாரர்கள் அவற்றைக் கொண்டாடித்தான் வரவேற்றார்கள். கசப்பு ஒப்பந்தத்திலிருந்து தொடங்கியது.

போல்டனும் வாட்டும் எஞ்சினை முழுதாகச் செய்து விற்கவில்லை. வரைபடம் தருவார்கள். வால்வு போன்ற நுட்பமான பாகங்களை அனுப்புவார்கள். சிலிண்டரை ஜான் வில்கின்சனின் இரும்பாலையில் வாங்கச் சொல்வார்கள். பொருத்துவதற்குத் தங்கள் ஆளை அனுப்புவார்கள். அதற்கு மேல், பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அந்த மிச்சத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும். மிச்சத்தை எப்படி அளப்பது? எஞ்சினின் பெரிய உத்தரத்தோடு ஓர் எண்ணியைப் பொருத்தினார்கள். உத்தரம் ஒருமுறை ஏறி இறங்கினால் எண்ணியில் ஓர் எண் கூடும். எண்ணி ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி போல்டன் - வாட் ஆட்களிடம்.

தன் எஞ்சின் மாதம் எத்தனை முறை அசைந்தது என்று அறிய, சுரங்கத்துக்காரரே பர்மிங்ஹாம்காரர்களின் சாவிக்குக் காத்திருக்க வேண்டும். 1780-களில் வேல்ஸ் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஆங்கில்சி தீவில் பாரிஸ் மலையிலிருந்து மலிவான செம்பு வந்து குவிந்தது. விலை சரிந்தது. கார்ன்வால் சுரங்கங்கள் திணறின. அந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் ஆத்திரம் ஏறியதில் வியப்பில்லை.

அங்கே அந்த ஆத்திரத்தை நேரில் சந்தித்தவர் போல்டன் - வாட்டின் ஆளான வில்லியம் மர்டாக். 1779 முதல் ரெட்ரூத்தில் தங்கி எஞ்சின்களைக் கட்டியவர், பழுது பார்த்தவர், முதலாளிகளின் உரிமையைக் காத்தவர். ஆனால் மர்டாக்கின் தலைக்குள் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

* * *

1784-ல் மர்டாக் தன் வீட்டில் ஒரு சின்ன வண்டி செய்தார். மூன்று சக்கரம், அதன் மேல் ஒரு குட்டிப் பாய்லர், பிஸ்டன். நீராவியால் தானே ஓடும் வண்டி. ரயிலுக்கும் மோட்டாருக்கும் பாட்டன் என்று சொல்லத்தக்க ஒன்று, ஒரு சுரங்க ஊரின் வீட்டுத் தரையில் ஓடியது.

1786-ல் அந்த வண்டிக்குக் காப்புரிமை வாங்க மர்டாக் லண்டனுக்குக் கோச்சு வண்டியில் கிளம்பினார். எக்சிட்டர் அருகே எதிரே வந்த வண்டியில் மாத்யூ போல்டன் இருந்தார். இருவரும் இறங்கிப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது போல்டன் வாட்டுக்கு எழுதிய கடிதத்தால் நமக்குத் தெரிகிறது. மர்டாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அவர் எழுதினார். மர்டாக் லண்டன் போகவில்லை. கார்ன்வாலுக்கே திரும்பினார்.

போல்டனைக் கொடியவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சுரங்கங்களைப் பார்த்துக்கொள்ள மர்டாக்கை விட்டால் அவருக்கு ஆள் கிடையாது. வாட்டுக்கு நீராவி வண்டியில் நம்பிக்கை இல்லை. உயர் அழுத்த நீராவி என்றாலே அவருக்கு அச்சம். ஆனாலும் அதே 1784-ல் வாட் வாங்கிய காப்புரிமையில் நீராவி வண்டியையும் ஒரு வரியாகச் சேர்த்து வைத்திருந்தார். தானும் கட்டவில்லை, தன் ஆளையும் கட்ட விடவில்லை. ஒரு நிறுவனத்துக்குள் பிறந்த யோசனை, அந்த நிறுவனத்துக்கு வேண்டாத ஒன்றாக இருந்தால் வெளியே போகவும் வழி இல்லாமல் அங்கேயே கிடந்து வாடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் தொடரில் வரப்போவதில்லை.

இந்த அடைப்பு வாட்டையும் ஒருமுறை சுட்டது. எஞ்சினின் மேலும் கீழுமான அசைவைச் சக்கரச் சுழற்சியாக மாற்ற எளிய வழி கிராங்க். கைத்தொழிலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். 1780-ல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் நீராவி எஞ்சினில் கிராங்கைப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கிவிட்டார். வாட் அவரிடம் போய் நிற்கவில்லை. ஒரு பற்சக்கரம் மற்றொன்றைச் சுற்றி வரும் சுற்றுவழி அமைப்பைக் கொண்டுவந்தார். அது மர்டாக்கின் யோசனை என்பார்கள். 1781-ல் அதற்குக் காப்புரிமையும் ஆயிற்று. பிக்கார்டின் உரிமை 1794-ல் முடியும்வரை இந்தச் சுற்றுவழிதான்.

அதே 1781-ல் இன்னொரு காப்புரிமையும் பதிவானது. அதன் சொந்தக்காரர் கார்ன்வால்காரர். வாட்டை நேருக்கு நேர் எதிர்க்கப் போகிறவர்.

* * *

ஜொனாதன் ஹார்ன்புளோவர். அவருடைய குடும்பமே எஞ்சின் கட்டிப் பிழைத்த குடும்பம். நியூகோமன் எஞ்சின்களை நிறுவியவர்கள், வாட்டின் எஞ்சின்களையும் நிறுவியவர்கள். ஜொனாதனின் யோசனை எளிமையானது, ஆழமானது: ஒரு சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியில் இன்னும் பலம் மிச்சம் இருக்கிறது. அதை வீணாக்காமல் இரண்டாவது, பெரிய சிலிண்டருக்குள் விட்டு மறுபடி வேலை வாங்கலாம்.

1782-ல் பாத் நகருக்கு அருகே ராட்ஸ்டாக் நிலக்கரிச் சுரங்கத்தில் அப்படி ஒரு எஞ்சின் நின்றது. பிறகு கார்ன்வாலிலும் பல நின்றன. கடைசியில் மிஞ்சும் நீராவியைக் குளிர்விக்க அவர் பயன்படுத்திய முறைதான் வம்பு. வாட் தரப்பு அதைத் தங்கள் கண்டென்சர் என்றது. இதில் வாட் பக்கம் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். தனிக்கலத்தில் குளிர்விப்பது வாட்டின் கண்டுபிடிப்பு, அதில் ஐயம் இல்லை. ஆனால் இரண்டு சிலிண்டர் என்பது ஹார்ன்புளோவரின் கண்டுபிடிப்பு. முறையாக நடந்திருந்தால் இருவரும் உட்கார்ந்து பேசி, இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு நல்ல எஞ்சினைச் செய்திருக்கலாம். நடந்தது அதுவன்று. 1792-ல் ஹார்ன்புளோவர் தன் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டு நாடாளுமன்றம் போனார். தாங்கள் எந்தக் கதவைத் தட்டி நீட்டிப்பு வாங்கினார்களோ அதே கதவில் போல்டனும் வாட்டும் நின்று எதிர்த்தார்கள். நீட்டிப்புக் கிடைக்கவில்லை.

அடுத்த அடி எட்வர்ட் புல் மேல் விழுந்தது. முன்பு போல்டன் - வாட்டிடம் வேலை பார்த்தவர். பெரிய உத்தரத்தையே நீக்கிவிட்டு, சிலிண்டரைச் சுரங்க வாயின் நேர் மேலே கவிழ்த்து வைத்த எஞ்சின் அவருடையது. 1793-ல் வழக்கு. கண்டென்சரைப் பயன்படுத்தியது உண்மை என்று ஜூரி சொன்னது. ஆனால் காப்புரிமையே செல்லுமா? வாட்டின் விண்ணப்பத்தில் ஒரு வரைபடம்கூட இல்லை. அதைப் படித்து ஒரு கொல்லர் எஞ்சின் கட்ட முடியுமா, வெறும் தத்துவத்துக்கு உரிமை கொடுக்கலாமா என்ற கேள்வி 1795-ல் நான்கு நீதிபதிகள் முன் வந்தது. இருவர் செல்லும் என்றனர். இருவர் செல்லாது என்றனர்.

தீர்ப்பு இரண்டுக்கு இரண்டு என்று பிளந்த செய்தி கார்ன்வாலை எட்டியதும் சுரங்கங்கள் பலவும் பணம் கட்டுவதை நிறுத்தின. போல்டனும் வாட்டும் விடவில்லை. ஜொனாதனின் அண்ணன் ஜேபஸ் ஹார்ன்புளோவர் மேல் அடுத்த வழக்குத் தொடர்ந்தார்கள். எடின்பரோவிலிருந்து பேராசிரியர் ஜான் ராபிசன் வந்து வாட்டுக்குச் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பில் நின்றவர், திறக்க முடியாத பூட்டுக்குப் பேர்போன ஜோசப் பிராமா. வாட்டின் விண்ணப்பம் எதையும் விளக்கவில்லை என்று தலைமை நீதிபதிக்கு எழுதிய நீண்ட கடிதத்தை அவர் 1797-ல் அச்சிட்டே வெளியிட்டார்.

1799 ஜனவரி. கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம். காப்புரிமை முடிய இன்னும் ஓராண்டும் சில மாதங்களும்தான். தீர்ப்பு வாட்டுக்கு முழு வெற்றியாக வந்தது. நிலுவை முழுவதையும் வசூலிக்க ஆட்கள் கார்ன்வாலுக்கு வந்தார்கள்.

இத்தனை ஆண்டுகளில் வாட்டின் எஞ்சினை மேம்படுத்தக் கார்ன்வாலில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? உயர் அழுத்த நீராவியைத் தொட நினைத்த இளைஞர் ரிச்சர்ட் டிரெவிதிக் அப்போது புல்லோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தடையாணைக்குத் தப்பவில்லை. எல்லோரும் ஒரே ஒரு தேதிக்குக் காத்திருந்தார்கள். 1800-ல் பூட்டு உடைந்தது. இனி யாரும் எதையும் கட்டலாம்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது.

* * *

எஞ்சின்கள் முன்னேறவில்லை. பல சுரங்கங்களில் பின்னோக்கியே போயின.

போல்டன் - வாட் ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களோடு மாதாமாதம் எண்ணியைத் திறந்து கணக்கெடுத்த பழக்கமும் போயிற்று. யார் எஞ்சின் எவ்வளவு நிலக்கரி தின்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுரங்கத்துப் பொறியாளரும் தன் கைவித்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டார். சட்டத்தின் பூட்டு போனதும் வாயின் பூட்டு விழுந்தது. நிறுவனங்களுக்கிடையே யோசனை நகராமல் நிற்பதற்குக் காப்புரிமைதான் காரணம் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தாண்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். தடுக்கச் சட்டம் இல்லாமலே யோசனை நின்றது, ஏனென்றால் ஒருவர் செய்தது மற்றவர் கண்ணுக்குப் படவில்லை.

டிரெவிதிக் ஒருவர்தான் விதிவிலக்கு. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேம்போர்ன் தெருவில் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். மர்டாக்கின் வீட்டுத் தரையில் ஓடிய பொம்மை, பதினேழு ஆண்டு கழித்துப் பக்கத்து ஊர்த் தெருவில் ஆளைச் சுமந்து ஓடியது. 1803-ல் கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து நான்கு பேர் மாண்டார்கள். உயர் அழுத்தம் ஆபத்து என்று சொல்லிவந்த போல்டன் - வாட் தரப்புக்கு அந்தச் சாவுகள் கையில் கிடைத்த ஆயுதமாயின. அச்சமும் ஒரு பூட்டுதான்.

1811-ல் சுரங்கத்துக்காரர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். கேப்டன் ஜோயல் லீன் என்பவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். கார்ன்வாலில் கேப்டன் என்றால் சுரங்க மேற்பார்வையாளர்; கப்பலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. லீன் ஊரறிந்த நாணயஸ்தர். அவர் செய்ய வேண்டியது: ஒவ்வொரு எஞ்சினிலும் பூட்டிய எண்ணியைப் பொருத்துவது, மாதம் ஒருமுறை திறந்து கணக்கெடுப்பது, எல்லாச் சுரங்கத்தின் கணக்கையும் ஒரே தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுப்பது.

வாட்டின் பெட்டியேதான். சாவி மட்டும் எல்லோருக்கும் பொதுவான ஒருவர் கையில்.

முதல் தாள் 1811 ஆகஸ்ட் மாதக் கணக்கு. சுரங்கத்தின் பெயர், சிலிண்டரின் அகலம், ஆழம், அந்த மாதம் எத்தனை வீச்சு, எத்தனை புஷல் நிலக்கரி, பொறியாளரின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எண்: ஒரு புஷல் நிலக்கரியை, அதாவது ஏறத்தாழ 40 கிலோவை எரித்து, எத்தனை பவுண்டு தண்ணீரை ஓரடி உயரம் தூக்கினார்கள் என்பது. முதல் தாள்களில் சராசரி 2 கோடியைத் தொடவில்லை.

ஒரு சுரங்கத்தின் எண் திடீரென ஏறினால் மறுமாதமே மற்ற பொறியாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். பாய்லருக்கு மண்ணும் சாம்பலும் போர்த்தி வெப்பம் போகாமல் காத்தது, நீராவியை வீச்சின் பாதியிலேயே அடைத்து மீதித் தூரம் விரிய விட்டது, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியது என்று ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து, அதன்மேல் தன் திருத்தத்தைச் சேர்த்தார். 1812-ல் டிரெவிதிக் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் நிறுவிய உயர் அழுத்த எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்கவில்லை. ஆர்தர் ஊல்ஃப், ஹார்ன்புளோவரின் இரட்டைச் சிலிண்டரை உயர் அழுத்தத்தோடு சேர்த்து நல்ல எஞ்சின் ஒன்றைக் காப்புரிமையோடு கொண்டுவந்தார். இரண்டும் அக்கம்பக்கத்தில் ஓடின. ஊர் தேர்ந்தெடுத்தது எளிமையான, பூட்டில்லாத டிரெவிதிக் எஞ்சினை. பின்னாளில் ஊல்ஃபே ஒற்றைச் சிலிண்டருக்கு வந்துவிட்டார்.

ஏன் இவர்களால் பகிர முடிந்தது? நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. செம்பின் விலை வெளிச்சந்தையில் முடிவானது; பக்கத்துச் சுரங்கம் நிலக்கரியை மிச்சம் பிடித்தால் என் செம்பின் விலை இறங்கிவிடாது. ஒரே ஆள் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார். ஒரு பொறியாளர் பல சுரங்கங்களுக்கு வேலை பார்த்தார். தாளில் தன் பெயருக்கு எதிரே பெரிய எண் வந்தால் அடுத்த வேலை தேடி வரும். பூமிக்கு அடியிலோ தண்ணீருக்கு எல்லை தெரியாது. பக்கத்துச் சுரங்கத்தின் எஞ்சின் நின்றால் அந்த வெள்ளம் என் சுரங்கத்துக்கும் வரும். பகிர்வது லாபம் என்ற ஏற்பாடு இருந்தது, அந்த ஏற்பாட்டை நம்பத்தக்க ஒருவர் நடத்தினார். இரண்டில் எது குறைந்தாலும் தாள் நின்றிருக்கும்.

லீன் 1812-லேயே இறந்துபோனார். மகன்கள் தாளை விடாமல் தொடர்ந்தார்கள். இருபது ஆண்டுக்குள் அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் இடம்பெற்றன. அது 1904 வரை வந்தது. இந்தப் பழக்கத்தில் ஊறிய சுரங்க நிர்வாகிகளில் ஒருவர் ஜான் டெய்லர். அவர் பெயர் தாங்கிய டெய்லர் அண்ட் சன்ஸ்தான் 1880-ல் கோலார் தங்கவயலை ஏற்று நடத்தியது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கார்ன்வால் மேற்பார்வையாளர்களின் கீழே ஆழத்தில் இறங்கியது அந்த வழியில்தான். அந்தக் கதைக்குத் தனித் தொடரே வேண்டும்.

1830-களின் நடுவில் தாளின் சராசரி 4 கோடியைத் தாண்டியிருந்தது. மிகச் சிறந்த எஞ்சின்கள் 9 கோடியைத் தொட்டன.

தாள் எல்லோருக்கும் கிடைத்தது. மறைவு ஏதும் இல்லை. அப்படியானால் லங்காஷயரின் பஞ்சாலைகளும் லண்டனின் குடிநீர் நிறுவனங்களும் அடுத்த நாளே கார்ன்வால் எஞ்சினை வாங்கியிருக்க வேண்டும் அல்லவா?

வாங்கவில்லை. வடக்கே நிலக்கரி மலிவு, அது ஒரு காரணம். பெரிய காரணம், அவர்கள் அந்தத் தாளை நம்பவில்லை. கார்ன்வால்காரர்கள் எண்களைக் கூட்டி எழுதுகிறார்கள் என்று படித்த பொறியாளர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். சட்டத்தின் பூட்டையும், அச்சத்தின் பூட்டையும், மௌனத்தின் பூட்டையும் தாண்டி வந்த யோசனை அவநம்பிக்கையின் முன்னால் போய் நின்றது.

1835-ல் சந்தேகம் உச்சத்துக்குப் போயிற்று. ஃபோவி கான்சல்ஸ் சுரங்கத்தில் வில்லியம் வெஸ்ட் கட்டிய 80 அங்குலச் சிலிண்டர் எஞ்சினைச் சாட்சிகள் முன்னிலையில் 24 மணி நேரம் ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. நிலக்கரியை அவர்கள் கண்ணெதிரே நிறுத்தார்கள், எண்ணியை அவர்கள் கண்ணெதிரே பூட்டினார்கள். அந்த 24 மணி நேர முடிவில் வந்த எண்ணை அடுத்த வாரம் சொல்கிறேன். அந்த எண் வெளியான பிறகும் நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள்.

(தொடரும்)